பழைய போட்டோவிலிருந்து ஓவியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, குடும்பப் போட்டோக்களை டிஜிட்டல் படங்களாகவும் ஓவியங்களாகவும் மாற்றித் தருகிறேன். ஃபோனில் ஒரே கேள்விக்கு நாளைக்கு நாலு தடவை பதில் சொல்ல வேண்டியிருப்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடுங்கள். நிறத்தைப் பற்றிய பகுதியைக் கட்டாயம் படியுங்கள், சண்டை எல்லாம் அங்கேதான் வருகிறது.

நீங்கள் செய்வது போட்டோவைச் சரிசெய்வதா, ஓவியம் வரைவதா?

இரண்டும் உண்டு, ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை. கீறல், மடிப்பு, கறை எல்லாம் எடுத்துவிட்டு அதே போட்டோவாகத் திருப்பித் தருவது ஒன்று. இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். மற்றது, போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாக ஒரு படம் செய்வது. டேப்லெட்டில் பேனா பிடித்து வெற்றுத் திரையில் முதல் கோட்டிலிருந்து வரைகிறேன். இல்லையென்றால் காகிதத்திலோ கேன்வாஸிலோ கையால்.

ஒரு பட்டனை அமுக்கினால் போட்டோ முழுக்கத் தூரிகைத் தடம் விழுகிற ஃபில்டர்கள் இருக்கின்றன. அதை அமுக்கிவிட்டு ஓவியம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம். மூக்கின் மேலும் பின்னாலுள்ள சுவரின் மேலும் ஒரே மாதிரித் தடம் விழுந்திருந்தால் அது ஃபில்டர். கையால் வரைகிறவர் மூக்கையும் சுவரையும் ஒரே மாதிரி நடத்தமாட்டார்.

இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?

ஓவியம் கோயம்புத்தூரில் ஒரு வாத்தியாரிடம். போட்டோவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அப்பாவிடம். அவர் ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1960இல் ஆரம்பித்து 1967இல் உற்பத்திக்கு வந்த அரசு நிறுவனம் அது. ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் போட்டோக் காகிதமும் எக்ஸ்ரே பிலிமும் விற்பனைக்குப் போயின. இப்போது மூடிக் கிடக்கிறது. ஷிஃப்ட் முழுக்க இருட்டில் நின்றுவிட்டு வந்து, வீட்டில் நாற்பது வாட் பல்பைப் பார்த்தே கண்ணைச் சுருக்குவார். ஒரு போட்டோ பழுப்பேறியிருந்தால் எடுத்துப் பார்த்து, “ஹைப்போவைச் சரியாக அலசாமல் விட்டிருக்கான்” என்பார். ஹைப்போ என்றால் பிரிண்ட்டில் படத்தை நிலைநிறுத்துகிற ரசாயனம். போட்டோ எடுத்தவர் செத்து முப்பது வருடம் ஆகியிருக்கும், அப்பாவுக்கு இன்னும் கோபம் இருக்கும்.

வாட்ஸாப்பில் அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் படமாக வேண்டாம், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும். இங்கே வரும்போது இமை முடி கரைந்து போயிருக்கும். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் அப்போது 2400க்கு 3600 பிக்சல் வரும், பெரும்பாலான வேலைக்கு அது போதும். பாஸ்போர்ட் அளவுப் படம் என்றால் 1200. ஃபோன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஜன்னலோரம், ஃப்ளாஷ் இல்லாமல், படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். பளபளப்பான காகிதத்தில் உங்கள் சட்டையே பிரதிபலிக்கும். கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுங்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே உதவும்.

போட்டோ ஃப்ரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிய்க்கலாமா?

வேண்டாம். வீட்டில் தண்ணீரில் ஊறவைக்கவும் வேண்டாம், ஹேர் டிரையர் காட்டவும் வேண்டாம்.

மலையில் இது எல்லார் வீட்டு வியாதி. போட்டோவின் மேல் பூச்சு ஜெலட்டின். மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கிற சமாச்சாரம். ஈரம் பட்டால் ஊறி இளகும், திரும்பக் காயும்போது எதன்மேல் சாய்ந்திருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூனில் தென்மேற்கு மழை, குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை, நடுவே மூடுபனி. சுவர் காய்வதற்கு நேரமே கிடையாது. பூஞ்சைக்கும் ஜெலட்டின் நல்ல சாப்பாடு. பீரோவில் கம்பளிக்கு அடியில் வைத்த ஆல்பத்தைத் திறந்ததும் ஒரு வாடை வருமே, அது அந்த விருந்தின் வாடைதான்.

போன மழைக்காலத்தில் கோத்தகிரியிலிருந்து ஒரு அண்ணன் அவர் அப்பாவின் படத்தை ஃப்ரேமோடு துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். பின்பலகையைக் கழற்றினால் ஆணி எல்லாம் துருவாக உதிர்ந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தேன். நெற்றியில் பூஞ்சை பெரணி இலை மாதிரி கிளை விட்டிருந்தது. இடது கன்னமும் காதும் சேர்ந்து ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. கண்ணாடியைத் துடைத்துவிட்டு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்தேன். வந்த படத்தில் மற்ற இடமெல்லாம் வெளுத்துச் சாம்பலாகத் தெரிய, ஒட்டிய இடம் மட்டும் நேற்று பிரிண்ட் போட்டதுபோலக் கருகருவென்று இருந்தது. அங்கே கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே காற்று இல்லை, வெளிச்சம் சிதறவில்லை. காதோர நரைமுடிகூடத் தனித்தனியாக எண்ண முடிந்தது. பாழாய்ப்போனது என்று அவர் காட்டிய இடத்திலிருந்துதான் நான் முகம் முழுவதற்கும் கருப்பு எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று கணக்கு எடுத்தேன். அதனால் கண்ணாடியோடேயே கொண்டு வாருங்கள்.

குரூப் போட்டோவில் பாட்டி முகம் கடுகு மாதிரி இருக்கிறது. பெரிய படமாக வரைய முடியுமா?

கூடலூர், பந்தலூர், கோத்தகிரியிலிருந்து எனக்கு வருகிற வேலையில் நிறைய இந்த வகைதான். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்ட பிறகு சிலோனிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். டேன்டீ என்கிற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக உண்டானவை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இங்கே மலையேறினார்கள். என்னிடம் வருகிற பல குடும்பங்களில் அந்தத் தலைமுறைக்கு இருப்பது ஒரே ஒரு போட்டோ, கிளம்பும் முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்டது.

அப்படி ஒன்றில் பாட்டி முகத்தை அளந்து பார்த்தேன், 8 மில்லிமீட்டர். 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் சுமார் 380 பிக்சல் கிடைக்கும். 2400 வைத்தால் பிக்சல்தான் கூடும், பாட்டி கூடமாட்டார். காகிதத்தின் நார்தான் பெரிதாகத் தெரியும். அந்த 380இல் கண் இருக்கிற இடம் தெரிந்தது, கண் தெரியவில்லை.

அப்புறம் விசாரணைதான். பாட்டி ஜாடை யாருக்கு என்று கேட்டேன். மூத்த பேத்தியைக் கை காட்டினார்கள். அந்தப் பெண்ணை ஜன்னலோரம் உட்காரவைத்துக் கன்னத்து எலும்பு, இமை மடிப்பு மட்டும் மூன்று ஸ்கெட்ச் போட்டுக்கொண்டேன். அதையும் முழுசாக நம்பவில்லை, ஜாடை என்பது பாதி பேச்சு. போட்டோவில் தெளிவாக இருந்தது பாட்டியின் கை. ஒரு கை இடுப்புக் குழந்தையைத் தாங்க, இன்னொன்று முந்தானை நுனியை முறுக்கிப் பிடித்திருந்தது. அதனால் முகத்தைப் பெரிதாக்காமல் இடுப்புவரை வரைந்தேன், முகத்தைச் சற்று நிழலில் விட்டு, வெளிச்சத்தைக் கைமேல் போட்டேன். படத்தை வாங்க வந்த மகளுக்கு எழுபது வயசிருக்கும். முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். “பஸ்ஸுக்கு நிக்கும்போதும் இப்படித்தான் முறுக்கிட்டே நிப்பாங்க” என்றார்.

யாருக்குமே நினைவில்லாத ஒன்றை நான் ஊகித்து வரையமாட்டேன். நிழலில் விட்டுவிடுவேன். பாக்கி எல்லா நிபந்தனையிலும் வளைந்து கொடுப்பேன், இதில் மட்டும் இல்லை.

ஏஐ ஆப்பில் ஒரு நிமிடத்தில் வருகிறதே?

வருகிறது. கீறலையும் தூசியையும் எடுக்க நானும் அந்த மாதிரிக் கருவிகளைப் பயன்படுத்துகிறேன். ஆனால் மங்கலான முகத்தைக் கொடுத்தால் அது கேட்டுக்கொண்டு நிற்காது. அது பார்த்த லட்சக்கணக்கான முகங்களிலிருந்து ஒரு மூக்கும் ஒரு வரிசைப் பல்லும் எடுத்து வைத்துவிடும். என் தாத்தா படத்தைப் போட்டுப் பார்த்தேன். ரொம்ப அழகான ஒரு பெரியவர் வந்தார், எங்கள் வீட்டுக்காரர் இல்லை. தாத்தாவுக்குக் கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. அதைப் படத்திலுள்ள புள்ளி என்று நினைத்துத் துடைத்துவிட்டது. இந்தியாவில் பெரியம்மை 1975இல் ஒழிந்தது; அந்தத் தழும்பு உள்ள முகமே இனிமேல் வரப்போவதில்லை. அதைத்தான் முதல் வேலையாகத் துடைக்கிறது.

கருப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் எப்படித் தெரியும்?

தெரியாது. சாம்பல் நிறத்தைப் பார்த்துச் சேலை நிறத்தைச் சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். பழைய ஆர்த்தோ வகை பிலிமுக்குச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது, அரக்குச் சேலை கரியாக விழும், நீலம் வெளுத்துவிடும். பின்னால் வந்த பிலிமில் ஒரே அழுத்தமுள்ள சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். ஆகவே வீட்டில்தான் கேட்க வேண்டும். கேட்டால் அக்கா அரக்கு என்பார், தங்கை மாம்பழ மஞ்சள் என்பார், சித்தப்பா அது கல்யாணச் சேலையே இல்லை என்பார். ஒரு குடும்பம் என் மாடிப்படியிலேயே பேச்சை நிறுத்திக்கொண்டது. முடிவாகவில்லை என்றால் முகத்துக்கும் கைக்கும் மட்டும் நிறம் கொடுத்துச் சேலையைச் சாம்பலாகவே விட்டுவிடுவேன். முன்பு ஸ்டுடியோக்காரர்கள் கையால் கலர் தீட்டிக் கொடுத்த படங்களில் உதடும் நகையும் மட்டும் நிறமாக இருக்குமே, அந்த அழகு அதற்கும் உண்டு.

எங்கள் மலையின் படகர் சமூகத்து வீட்டுப் பாட்டிமார் படங்கள் வந்தால் நிறச் சண்டை இல்லை, உடுத்தியிருப்பது வெள்ளை. ஆனால் எனக்கு அதுதான் கஷ்டம். மூடுபனி வெளிச்சத்தில் வெள்ளைத் துணிக்குள் நீலம், கழுத்தோரம் தோலின் பழுப்பு, மடிப்பில் கொஞ்சம் பச்சைகூட இருக்கும். டியூபிலிருந்து பிதுக்கிய வெள்ளையை அப்படியே வைத்தால் சுண்ணாம்பு பூசியதுபோல ஆகிவிடும்.

அம்மாவைக் கொஞ்சம் சிவப்பாக்கித் தருவீர்களா?

மாட்டேன்.

இதைக் கேட்காத வாரம் கிடையாது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். எழுபது, எண்பதுகளின் கலர் பிரிண்ட்களில் ஆல்பத்துக்குள் இருட்டில் இருக்கும்போதே பச்சை கலந்த நீலச் சாயம் முதலில் செத்துவிடும், மிச்சமிருப்பது சிவப்பும் மஞ்சளும். அந்தக் காலத்து ஊட்டி ஹனிமூன் போட்டோக்களில் பொட்டானிக்கல் கார்டன் புல்கூடச் செம்மண்ணாகத் தெரிவது அதனால்தான். படம் சிவந்திருப்பதைப் பார்த்து ஆளே சிவந்த நிறம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். நான் நீலத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் அம்மா அவருடைய சொந்த நிறத்துக்கு வருவார். உடனே “அக்கா, அம்மாவைக் கருப்பாக்கிட்டீங்களே” என்று ஃபோன் வரும். நான் ஆக்கவில்லை. தேயிலைக் காட்டில் முப்பது வருடம் வெயிலில் நின்ற நிறம் அது, அதற்கு நான்கைந்து பழுப்பு கலந்து ஒரு நாள் உட்கார்ந்திருப்பேன்.

இறந்துபோன அப்பாவைக் கல்யாணப் படத்தில் சேர்க்க முடியுமா?

முடியும், நிறையச் செய்திருக்கிறேன். அப்பா படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ, கல்யாணப் படத்திலும் அந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும். இல்லாவிட்டால் மேடையில் ஒட்டவைத்த கட்அவுட் மாதிரி நிற்பார். வயசையும் முடிவு செய்துகொள்ளுங்கள். முப்பது வயதில் எடுத்த படம்தான் இருக்கிறது என்றால், மாப்பிள்ளைக்குத் தம்பி போல ஒருவர் நடுவில் நிற்பார். வயசைக் கூட்டி வரையச் சொல்வீர்கள், அது மேலே சொன்ன ஊகம். வரையமாட்டேன்.

பின்னணியில் மலையும் ரயிலும் வைக்கலாமா?

வைக்கலாம். சமவெளிக்காரர்கள் மலை கேட்பார்கள். எங்கள் ஊர் ஸ்டுடியோவிலோ திரையில் கடற்கரையும் தென்னை மரமும்தான் இருந்தது. என் ஐந்து வயசுப் படம் ஸ்வெட்டரோடு மெரினாவில் நிற்கிறது.

ரயில் கேட்பவர்களுக்கு ஒன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது நீராவி எஞ்சின் வண்டிக்குப் பின்னாலிருந்து தள்ளும். முன்னால் எஞ்சின் புகைவிட்டு வர, வண்டி மலை ஏற வேண்டும் என்று கேட்டால், அப்படி ஒரு ரயில் இங்கே இல்லை. இறங்குகிற வண்டியாக வரைந்து தருகிறேன், அப்போது எஞ்சின் முன்னால் வரும்.

டிஜிட்டல் நல்லதா, கையால் வரைவது நல்லதா?

உங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மலையில் இருப்பவர்கள் மழை அடிக்கும் பக்கத்துச் சுவரில் எந்தப் படத்தையும் மாட்டாதீர்கள். மாட்டியே ஆகவேண்டும் என்றால் ஃப்ரேமின் நாலு மூலையிலும் பின்னால் பாட்டில் கார்க்கை வெட்டி ஒட்டுங்கள், காற்றுப் போகும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுன்ட் அட்டை கட்டாயம்.

வாட்டர்கலரை ஜூலையில் கேட்காதீர்கள். ஒரு பூச்சு காய்வதற்குள் டீ குடித்து, சமைத்து, சாப்பிட்டுவிட்டு வந்தாலும் காகிதம் குளிர்ந்து ஈரமாகவே கிடக்கும். ஆயில் பெயின்டிங் தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே முழுசாகக் காய 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். அதுவரை வார்னிஷ் அடிக்கக் கூடாது. ஆகவே ஆயில் வாங்குகிறவர்கள் அடுத்த வருடம் ஒருமுறை படத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு அக்ரிலிக்கே சொல்கிறேன். டிஜிட்டல் என்றால் பிக்மென்ட் இங்கில், பருத்திக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்துத் தருகிறேன். திரையில் பளபளத்த நீலம் காகிதத்தில் ஒரு படி அடங்கித்தான் வரும்.

போட்டோவைப் பார்த்து வரைவது காப்பி தானே?

இல்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். விவான் சுந்தரம் என்ற ஓவியரின் தாத்தா உம்ராவ் சிங் ஷெர்-கில் வீட்டாரை ஓயாமல் போட்டோ எடுத்தவர். விவானின் பெரியம்மா அம்ரிதா ஷெர்-கில் 1941இல் இருபத்தெட்டு வயதில் இறந்த ஓவியர். 2001, 2002 வாக்கில் விவான் அந்தக் குடும்பப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று சேர்த்து, வேறு வேறு வருடத்தில் நின்றவர்களை ஒரே அறையில் நிற்கவைத்தார். துண்டுகள் பெரும்பாலும் தாத்தா எடுத்தவைதான். ஆனால் அந்த அறையைத் தாத்தா எடுக்கவில்லை. விவான் சிம்லாவில் பிறந்தவர், அவரும் நம்மைப்போல மலைக்காரர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

டூர் வந்தபோது எடுத்த தோடர் பழங்குடிப் பாட்டி படத்தை வரைந்து தருவீர்களா?

அந்தப் பாட்டியிடம் கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் வேண்டாம். அவருடைய பேத்தி இதே பஜாரில் காய் வாங்குகிறாள்.

ஸ்டுடியோவில் எடுத்த படத்துக்கு ஸ்டுடியோக்காரர் உரிமை கேட்பாரா?

1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் போட்டிருந்தால் ஒழிய. காசு கொடுத்து வரையச் சொல்லும் உருவப்படத்துக்கும் அதேதான். ஆகவே நான் வரைந்த உங்கள் பாட்டி உங்களுக்கே. மாதிரிக்குக் காட்ட வேண்டுமென்றால் நான்தான் உங்களிடம் அனுமதி வாங்க வேண்டும்.

விலை? எத்தனை நாள்?

டிஜிட்டல் ஒரு முகம் 2,500 ரூபாய், வாட்டர்கலர் ஏ4 அளவு 4,000, கேன்வாஸ் 16க்கு 20 அங்குலம் 12,000. பாதி முன்பணம். மூன்று வாரம் சொல்வேன், ஐந்து ஆகும். திதிக்கு வேண்டும் என்றால் தேதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கு மட்டும் தவறமாட்டேன்.

வரைந்தது பிடிக்கவில்லை என்றால்?

கண்ணை வரைந்து முடித்ததும் ஒருமுறை காட்டுவேன். சிலை செய்பவர்கள் கண்ணைக் கடைசியில் திறப்பார்கள். நான் முதலில் திறக்கிறேன், கண் வரவில்லை என்றால் மற்றதை வரைந்து பிரயோஜனமில்லை. அந்தக் கட்டத்தில் வேண்டாம் என்றால் முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன். ஒன்று மட்டும், வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லுங்கள். ஏழு பேர் இருக்கிற வாட்ஸாப் குரூப்பில் போட்டால் ஏழு அம்மா வருவார்கள்.

அசல் போட்டோ பத்திரமாகத் திரும்பி வருமா?

வரும். கூரியர் வேண்டாம், நேரில் கொண்டு வாருங்கள், அன்றே ஸ்கேன் செய்து கையில் கொடுத்துவிடுவேன். போவதற்குள் படத்தில் யார் யார் என்று பின்னால் மென்மையான பென்சிலில் எழுதவைப்பேன். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் கோடாகப் புடைக்கும்.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்கிறேன், அதற்குக் காசு கிடையாது. மேலே சொன்ன சிலோன் படத்தின் பின்னால் பாதி அழிந்த பென்சில் எழுத்தில் “3 காப்பி, ஒண்ணு நுவரெலியா தங்கச்சிக்கு” என்று இருந்தது. அங்கே தங்கிவிட்ட தங்கையின் வீட்டை அந்தக் குடும்பம் ஃபேஸ்புக்கில் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தக் காப்பி பூஞ்சை பிடிக்காமல் கிடைத்தால் 1200இல் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.